வேர் மக்கின சரிவு

தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டு, வருஷக்கணக்கில் ரயிலே இல்லாமல் கிடந்த போடிக்கு மறுபடியும் ரயில் வந்ததே, ஊர்ச்சனம் எல்லாம் ஸ்டேஷனில் போய் நின்று வேடிக்கை பார்த்ததே, அதற்கு அடுத்த வருஷத்து ஆடியில் நடந்தது இது.

ரயில் பார்க்க என் அக்காவும் மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி வந்திருந்தாள். எஞ்சினை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "டே தம்பி, இது என்னடா, நம்ம காலத்து ரயிலு மாதிரி கரிய ஊதாம நிக்குது?" என்றாள்.

"கரியெல்லாம் போயி எம்புட்டு வருசமாச்சு. நீ மலையிலயே கெட."

"போச்சா? எங்கடா போகும்? மேல போனது பூராம் எங்க தலையிலதான வந்து எறங்கும்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் எப்போதும் அப்படித்தான். வாய்க்கு வந்ததைச் சொல்வாள், பிறகு மறந்துவிடுவாள். நமக்குத்தான் மறக்காது.

எங்களுக்குப் போடிக்குக் கீழே கொஞ்சம் வயல் உண்டு. மலை உச்சியில் இருக்கிற மெட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்கினால், கேரளா பக்கச் சரிவில் கொஞ்சம் ஏலத்தோட்டமும் உண்டு. அப்பா வயலை எனக்குக் கொடுத்தார், தோட்டத்தை அக்காவுக்குச் சீராகக் கொடுத்தார். அக்காவைக் கட்டின மாமா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அவள் மட்டும் அந்தத் தோட்டத்து வீட்டை விட்டு இறங்கவே இல்லை. வீடு சரிவின் அடியில், ஓடையை ஒட்டி இருந்தது. பக்கத்தில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர். அடுப்படியின் பின்சுவருக்கும் மலைக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற சந்து, அவ்வளவுதான் இடம். மலை அவள் வீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

அந்தச் சரிவு பூராவும் முன்பு மரம். பலா, சந்தன வேம்பு, முள்முருங்கை, பேர் தெரியாத காட்டு மரங்கள். ஏலம் நிழலில் வளர்கிற செடி, அதனால் மரத்தை வெட்டாமல் கிளையை மட்டும் கழித்து விடுவோம். வருஷம் பூராவும் இலை கொட்டிக்கொண்டே இருக்கும். மேலே கிடக்கிற இலை மொறுமொறு என்றிருக்கும். அதைத் தள்ளினால் ஈர இலை. அதற்கும் கீழே இலை என்று சொல்ல முடியாத கறுப்பு. அதற்குள் வெள்ளை நூல் ஓடியிருக்கும், கிழிந்த வேட்டியில் நூல் பிரிந்து கிடக்கிற மாதிரி. கையை விட்டால் முழங்கை வரைக்கும் தடையில்லாமல் போகும். உள்ளே வெதுவெது என்றிருக்கும், மாட்டு மடியைத் தொட்ட மாதிரி. ஒரு வாசனை வரும். அந்த வாசனையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வெற்றிலைக் கொடிக்காலுக்கு வேண்டும் என்று கீழே இருந்து வந்து, அந்த மக்கின இலையைச் சாக்கில் வாரிக்கொண்டு போவார்கள். அப்பா விடமாட்டார். "மலையில விழுந்தது மலைக்கு. காய மட்டும் எடுத்துக்க, மத்ததத் தொட்டா கைய ஒடிப்பேன்" என்பார். அப்பா ஒன்றும் பெரிய ஞானி இல்லை. சீட்டாட்டத்தில் உழவு மாட்டை வைத்துத் தோற்றவர். ஆனாலும் அந்தச் சருகு விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒரு பயம் இருந்தது. சாமி சொத்தைத் தொடுகிறவனைப் பார்ப்பது போலத்தான் சாக்கோடு வருகிறவனைப் பார்ப்பார்.

ஒரு தடவை ஒரு எருமை அங்கே செத்துப்போனது. கீழே கொண்டுவர முடியாமல் ஒரு பலாவுக்கு அடியிலேயே புதைத்தோம். அதற்கப்புறம் அந்தப் பலா வேரிலிருந்து காய்த்தது. மண்ணை முட்டிக்கொண்டு பழம் தொங்கும். எனக்கு அதைத் தொடவே மனசு வராது. அக்கா மடியில் வைத்துச் சுளை எடுத்துத் தின்பாள்.

"எரும புல்லத் தின்னுச்சு. பலா எருமையத் தின்னுச்சு. நான் பலாவத் திங்குறேன். என்னைய எது திங்கக் காத்திருக்கோ" என்று சொல்லிச் சிரிப்பாள். அப்போது அவளுக்குத் தலையில் ஒரு நரை கிடையாது.

சரி, மரம் வெட்டின கதைக்கு வருகிறேன். கொரோனா என்று சொல்லி மெட்டில் செக்போஸ்ட்டை மூடிவிட்டார்கள் அல்லவா, தோட்டக்காரன் தன் தோட்டத்துக்கே போக முடியாமல் கீழே நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோமே, அது விலகின கையோடு வெட்டினது. வெட்டினவன் அக்காள் மகன், என் மருமகன். கெட்டிக்காரன், சோம்பேறித்தனம் கிடையாது. புதுரக ஏலச்செடி வாங்கி வைத்திருந்தான். அதற்கு வெளிச்சம் அதிகம் வேண்டும் என்றான். சரிவின் மேல்பாதியில் நின்ற மரத்தையெல்லாம் மண்மட்டத்தோடு அறுத்துத் தள்ளினான். வெயில் ரொம்ப அடித்தால் பச்சை வலையை இழுத்துக் கட்டிக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு.

வேரைத் தோண்டவில்லை. ஏலத்துக்கு மேல்வேர்தான். பக்கத்தில் கடப்பாரை போட்டால் செடி போய்விடும் என்று நாங்களே காலம்காலமாகச் சொல்லி வந்தது. "வேரு கெடக்கட்டும் மாப்ளே, மண்ணப் பிடிச்சுக்கிரும்" என்று நானும்தான் சொன்னேன். அப்படித்தான் எல்லாரும் சொன்னோம்.

அறுத்த மரம் பாதி லோடு ஏறிப் போனது. மீதி ஸ்டோருக்கு விறகு. அந்த வருஷம் காய் எடுப்பு முடிகிற வரைக்கும் ஸ்டோர்ப் புகை அடங்கவே இல்லை. அக்கா முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, "அந்தா போகுது பாரு எங்கப்பாரு மரம்" என்பாள். எங்கள் தாத்தா காலத்திலிருந்து சேர்த்து வைத்தது ஒரு பருவத்தில் மேலே போய்விட்டது.

காய் நன்றாகத்தான் பிடித்தது. அதை மறைக்கக் கூடாது. கொத்துக் கொத்தாகப் பிடித்தது. ஏலம் விடுகிற மையத்தில் காயை உருட்டிப் பார்த்தவர்கள் எந்தத் தோட்டம் என்று கேட்டார்கள். மருமகன் என்னைப் பார்த்து, "என்ன மாமா, நீங்க சருகப் பாத்தீங்க, நான் காயப் பாத்தேன்" என்றான். நான் சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த வருஷம் போனபோது, செடிக்கு அடியில் கிடந்த இலையைக் காலால் தள்ளிப் பார்த்தேன். கீழேயும் இலையாகவே இருந்தது. கொஞ்சம் கறுத்து, செருப்புத் தோல் மாதிரி, நரம்பெல்லாம் அப்படியே. போன வருஷத்து இலை. மண்புழு ஒன்றையும் காணோம். கரையான் இல்லை. முன்பெல்லாம் பன்றி வந்து புழுவுக்காகத் தோண்டிப் போட்டிருக்கும், அதை விரட்டுவதே ஒரு சோலி. அதுவும் வரவில்லை. மருந்து அடிக்கிறார்கள், பூச்சிக்கு ஒன்று, அழுகலுக்கு ஒன்று, ஒன்று மாற்றி ஒன்று. அழுகலுக்கு மருந்து அடித்தால் இலை எப்படி அழுகும்? இதுதான் எனக்குத் தோன்றியது. சரியா தப்பா என்று தெரியாது.

"ஆத்தா, மாமா செத்த எலைக்கு நாடி பாக்குறாரு" என்று மருமகன் கத்தினான்.

"பாக்கட்டும். உசுரோட இருக்கவக யாரும் அவனுக்குக் கைய நீட்டுறதில்ல" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

அப்புறம் ரயில் வந்தது. அதற்கடுத்த வருஷம் கோடை மழை முடிந்ததும், மலை ஜீப்பில் எனக்கு ஒரு பொட்டணம் வந்து இறங்கியது. ஏல இலையில் பொதிந்து, நாரால் கட்டியிருந்தது. பிரித்தால் காளான். வெள்ளை வெளேர் என்று, மொட்டு விரியாமல். எங்கள் ஆத்தா காலத்திலிருந்து தின்கிற ஜாதிதான். போனில் அக்கா சொன்னாள்: "கொழிக்குதுடா தம்பி. பெட்டி பெட்டியா வருது. மண்ணு செத்துப்போச்சுன்னியே, வந்து பாரு."

எனக்கும் சந்தோஷம்தான். மிளகு போட்டு வதக்கித் தின்றோம். மண் திரும்பி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பார்த்துவிட்டு வரலாம் என்று ஏறினேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, கம்பு ஊன்றித்தான் சரிவில் ஏறினேன். மேல்பாதிக்குப் போனதும் நின்றுவிட்டேன்.

காளான் கண்ட இடத்தில் முளைக்கவில்லை. கோடு போட்டு முளைத்திருந்தது. ஒவ்வொரு அறுத்த கட்டையிலிருந்தும் குடைக்கம்பி பிரிகிற மாதிரி நாலாபக்கமும் வரிசை வரிசையாக ஓடியது. பலாவிலிருந்து ஒரு வரிசை, சந்தன வேம்பிலிருந்து ஒரு வரிசை. நான் சின்ன வயசிலிருந்து பார்த்த மரங்கள். எது எங்கே வேர் விட்டிருந்தது என்று மண்ணுக்கு மேலே எழுதிக் காட்டின மாதிரி இருந்தது. செத்த வேரைத் தின்றுதான் அந்தக் காளான் முளைத்திருந்தது. அதை நாங்கள் தின்றிருந்தோம்.

ஒரு வரிசையில் கம்பை ஊன்றினேன். கம்பு நிற்கவில்லை. கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. வெளியே இழுத்தால் முனையில் மாவு மாதிரி ஒரு பொடி. வேர் இருந்த இடத்தில் வெறும் குழாய்.

மேலே மக்க வேண்டிய இலை மக்காமல் கிடந்தது. கீழே மண்ணைப் பிடித்திருக்க வேண்டிய வேர் மக்கிப் போயிருந்தது. கீழே எட்டிப் பார்த்தால் அக்கா வீட்டு ஓடு தெரிந்தது. அவள் முற்றத்தில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

இறங்கி வந்து மருமகனிடம் சொன்னேன். அவன் உடனே தட்டிக்கழிக்கவில்லை. போய்க் கம்பை ஊன்றிப் பார்த்தான். முகம் மாறியது. "மழைக்கு முன்னாடி ஆத்தாளக் கீழ கூட்டிட்டுப் போயிருவோம் மாமா. அப்பறமா மத்தத யோசிப்போம்" என்றான்.

அக்காவிடம் சொன்னால் சிரித்தாள். "காளான் மொளச்சுச்சுன்னு வீட்டக் காலி பண்ணுனவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்."

காரியம் அதோடு நிற்கவில்லை. அந்த ஆடி மழை பிடித்த முதல் வாரத்தில், அடுப்படிக்குப் பின்னால் அந்தச் சந்தில் ஊற்று வந்துவிட்டது. மலைச்சுவரில் இடுப்பு உயரத்தில் கட்டைவிரல் பருமனுக்குத் தண்ணீர், கண்ணாடி மாதிரி. அதுவரைக்கும் அவள் ஓடையிலிருந்துதான் குடத்தில் சுமந்தாள். இப்போது அடுப்படியை விட்டு ஒரு எட்டு வைக்கிற தூரத்தில் தண்ணீர். எங்கள் பக்கம் புதிதாக ஊற்று பிறந்தால் கன்னிமார் சாமிகள் ஏழு பேரும் வந்து இறங்கினதாக அர்த்தம். அக்கா ஓடையிலிருந்து ஏழு கல் பொறுக்கி ஊற்றுக்குக் கீழே வரிசையாக நட்டாள். மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். ஆடி வெள்ளிக்குப் பொங்கல் வைக்கப்போகிறேன், வெரசா வந்து சேர் என்று எனக்குப் போன் வந்தது.

போனேன். மருமகனும் நானும் சேர்ந்து கையைக் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டோம்.

"அக்கா, அது மேல வேரு போன ஓட்ட வழியா வர்ற தண்ணி. மழத் தண்ணி உள்ள பூந்து உன் சொவத்துல வந்து முட்டுது."

"எந்த வழியா வந்தா என்னடா? சாமி பஸ்சுலயா வரும்?"

"இந்த ஒரு மாசம் மட்டும் போடியில இரு ஆத்தா" என்றான் மருமகன்.

"ஏழு பேரு என்னையத் தேடி அடுப்படி வரைக்கும் வந்திருக்காக. வெளக்குப் போட ஆளு இல்லாம விட்டுட்டு நான் உங்க வீட்டுல டீவி பாக்கவா? போங்கடா."

அவளைத் தூக்கிக்கொண்டா வரமுடியும்? பொங்கல் வைத்தாள். மழையில் அடுப்பு நின்று நின்று எரிந்தது. ஊற்றுத் தண்ணீரில் வைத்த பொங்கல் நன்றாகத்தான் இருந்தது.

மழை விடவில்லை. காய் எடுக்கிற ஆட்களை ஏற்றி வருகிற ஜீப்பு மெட்டோடு திரும்பிவிட்டது. கீழே போகாமல் நானும் அங்கேயே தங்கினேன். தினமும் எழுந்ததும் சந்துக்குள் போய் ஊற்றைப் பார்ப்பேன். கட்டைவிரல் பருமன் கைப்பருமன் ஆனது. பிறகு தண்ணீர் கலங்கியது. முதலில் டீ மாதிரி, அடுத்த நாள் செம்மண் குழம்பு மாதிரி. அக்கா துணியைக் கட்டி வடிகட்டிப் பார்த்தாள். துணியில் மண்ணோடு மக்கின வேர்த்தூள். துணியை அலசி மறுபடி கட்டினாள்.

அதற்கு மறுநாள் காலையில் என்னை எழுப்பினது அக்காதான். கையில் விளக்கும் எண்ணெய்க் கிண்ணமும். விளக்கு ஏற்றியிருக்கவில்லை.

"தம்பி, ஊத்து நின்னுபோச்சு."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டில் விழுகிற சத்தத்தில் பேசுவதே கேட்கவில்லை. அவ்வளவு மழையில், மலையெல்லாம் தண்ணீர் ஓடுகிறபோது, சந்தில் அந்த ஓட்டை மட்டும் காய்ந்த வாய் மாதிரி இருந்தது. ஒரு சொட்டு இல்லை. ஏழு கல்லும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன, வீட்டைப் பார்த்து. மலை உள்ளே நகர்ந்து தண்ணீர் வழியை அடைத்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

நான் எதுவும் சொல்வதற்கு முன்னால் அவளே சொன்னாள். "கன்னிமாரு கெளம்பிட்டாக. அவுகளே இருக்க மாட்டேன்னு போன எடத்துல எனக்கு என்னடா சோலி? அவன எழுப்பு. ஜீப்ப எடுக்கச் சொல்லு."

மருமகன் காய் மூட்டையை ஏற்றலாமா என்று ஸ்டோர் பக்கம் திரும்பினான். "மூட்டையக் கட்டிக்கிட்டு அழுவியா? ஏறுடா" என்று ஒரு அதட்டல் போட்டாள். நான் அவளுக்குக் குடை பிடித்தேன். உடுத்தின சேலையோடு ஏறினாள். விளக்கை மட்டும் மடியில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் வழிகிற ரோட்டில் மெட்டுக்கு வந்து டீக்கடையில் ஒதுங்கினோம்.

இரண்டாவது டீக்குச் சொல்லும்போது பின்னால் ஒரு ஜீப்பு வந்தது. டிரைவர் மலையாளத்திலும் தமிழிலும் கலந்து கத்தினான். "அண்ணே, உங்க சரிவு முழுசா போயி! வீடு காணான் இல்ல, காணோம்!"

எங்களுக்கு ஒரு சத்தம்கூடக் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய மலை இறங்கியிருக்கிறது, டம்ளர் சத்தம்தான் கேட்டது.

அக்கா டம்ளரைப் பெஞ்சில் வைத்தாள். பிறகு, "என்னையத் திங்கத்தான் வந்திருக்கு. எல போட்டு ஒக்காந்து பாத்துட்டுப் போயிருக்கும்" என்றாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

மழை விட்டதும் மருமகனோடு போய்ப் பார்த்தேன். தோல் உரித்த ஆட்டைப் போல மேல்பாதி சிவந்து கிடந்தது. வீடு இருந்த இடம் இதுதான் என்று கையைக் காட்டக்கூட ஒரு அடையாளம் இல்லை. பச்சை வலை சுருண்டு சேற்றில் செருகியிருந்தது. அறுத்த கட்டைகள் தலைகீழாகக் கிடந்தன. அவற்றின் வேரைப் பார்த்தேன். எல்லாம் கட்டையோடு நின்றுவிட்டிருந்தது, விரல் உதிர்ந்த கை மாதிரி. பிடித்துக்கொள்ள அதில் ஒன்றுமே இல்லை.

அந்த வாசனையைச் சொல்கிறேன் என்றேனே. வெட்டுப்பட்ட சரிவின் உள்ளேயிருந்து அது வந்தது. எத்தனையோ காலத்து இலை மக்கின வாசனை. அப்பா கையை விட்டு எடுத்து முகர்ந்து பார்க்கச் சொல்வாரே, அதே வாசனை. அதுவரைக்கும் உள்ளே அடைபட்டு இருந்திருக்கிறது. மருமகன் மூக்கை மூடிக்கொண்டு அழுதான். அந்தக் கறுப்பு மண்ணெல்லாம் ஓடையில் கரைந்து, பள்ளத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. இனி அந்த இடத்தில் எதை நட்டால் எது முளைக்கும் என்று எனக்குத் தெரியாது.

அக்கா இப்போது போடியில் என் வீட்டில்தான் இருக்கிறாள். டீவி பார்ப்பதில்லை. குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று அடிக்கடி பார்ப்பாள்.

நான் இதைச் சொல்ல வந்தது எங்கள் சரிவுக்காக இல்லை. அது போய்விட்டது. ஓடைக்கு அந்தப்பக்கச் சரிவு இன்னும் நிற்கிறது. அதில் மரம் அறுத்ததும் நாங்கள் அறுத்த அதே வருஷத்தில்தான். அங்கேயும் வேரைத் தோண்டவில்லை. அதற்கு அடியில் தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கிற ஒரு லயம் இருக்கிறது. வடக்கே இருந்து வேலைக்கு வந்தவர்கள், பிள்ளைகுட்டிகளோடு. அன்றைக்குத் திரும்பும்போது மருமகனும் நானும் அங்கே போனோம். அவர்கள் பாஷை எங்களுக்குத் தெரியாது. மலையைக் காட்டி, இடிந்த சரிவைக் காட்டி, கையால் தள்ளிக் காட்டி என்னென்னமோ செய்தோம். பாவம், அவர்களும் எங்களுக்காக வருத்தப்பட்டார்கள். எங்கள் வீடு போய்விட்டது என்று மட்டும் புரிந்துகொண்டார்கள். ஒரு பெண் உள்ளே போய், எங்களுக்குக் கொடுக்க ஒரு முறம் நிறையக் கொண்டுவந்தாள்.

காளான். வெள்ளை வெளேர் என்று, மொட்டு விரியாமல்.

அந்தச் சரிவின் தோட்டக்காரருக்குச் சொல்லியிருக்கிறோம். பார்க்கலாம் என்றார். நீங்கள் மெட்டு வழியாகப் போகிறவராக இருந்தால், இல்லை அங்கே போகிற ஜீப்பு டிரைவர் யாரையாவது தெரிந்தால், அவர்கள் பாஷை தெரிந்த ஒரு ஆளிடம் இதைச் சேர்த்துவிடுங்கள். மரம் அறுத்த சரிவில் காளான் வரிசை கட்டி முளைத்தால் பறிக்காதே, மழைக்கு முன்னால் அங்கேயிருந்து போ. சுவருக்குப் பின்னால் தண்ணீர் புதிதாக வந்தால் கும்பிட்டுக்கொண்டு நிற்காதே, அப்போதே இறங்கிவிடு. இத்தனையும் நினைவில் நிற்காவிட்டால், கொட்டுகிற மழையில் ஊற்று நின்றால் எதையும் எடுக்காமல் ஓடு என்று அக்கா சொல்லச் சொன்னதாக, அதை மட்டுமாவது சொல்லிவிடுங்கள்.